உரிமம் ரத்தான இரவில் அலாரத்தை யார் கேட்பது?

(‘அலாரக் கண்காணிப்பு நிறுவனங்களின் உரிமத்தை ரத்து செய்வதில் கடுமை தேவையா?’ என்னும் தலைப்பில் நடைபெற்ற தொலைக்காட்சிக் கருத்தரங்கில் மூன்றாவதாகப் பேசியவரின் உரை)



முதலில் பேசிய நண்பர், தவறு செய்யும் அலார நிறுவனத்தின் உரிமத்தை அன்றைக்கே பறிக்க வேண்டும் என்றார். அடுத்துப் பேசிய அம்மையார், அங்கே வேலை செய்பவர்களின் பிழைப்பு என்னாவது, நிறுவனத்தின் தரப்பைக் கேட்க வேண்டாமா என்று கேட்டார். இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டு பேச்சிலும் ஒருவர் வரவே இல்லை. மாதா மாதம் பணம் கட்டி, இரவில் அலாரத்தை முடுக்கிவிட்டுப் படுக்கப் போகிறாரே, அந்த வீட்டுக்காரர்!

ஒரு நிறுவனத்தின் உரிமம் மாலை ஐந்து மணிக்கு ரத்தாகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். அன்றிரவு இரண்டு மணிக்கு அவர் வீட்டுச் சமையலறைக் கதவை யாரோ நெம்புகிறார்கள். அலாரம் யாரைக் கூப்பிடும்? எனக்குக் கொடுத்திருக்கும் நேரத்தில் இந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

ஓர் உணவகத்தை நகராட்சி மன்றம் மூடினால் கதவில் நோட்டீஸ் ஒட்டுவார்கள். சாப்பிட வந்தவர் அதைப் படித்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார். நட்டம் கடைக்காரருக்கு. அலாரச் சேவை அப்படியல்ல. சுவரில் மாட்டியிருக்கும் பெட்டிக்கு நோட்டீஸ் படிக்கத் தெரியாது. அது எந்த எண்ணைக் கூப்பிடச் சொல்லி வைத்தார்களோ, அந்த எண்ணைத்தான் கூப்பிட்டுக் கொண்டிருக்கும். அந்தப் பக்கம் எடுக்க ஆள் இருக்கிறாரா இல்லையா என்பது தூங்கும் வீட்டுக்காரருக்குத் தெரியாது.

இந்தச் சேவை எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்கிச் சொன்னால்தான் என் வாதம் புரியும். கதவிலும் சன்னலிலும் சின்னக் காந்தங்கள் இருக்கும். கூடத்தின் மூலையில் நடமாட்டத்தை உணரும் கருவி இருக்கும். இவற்றில் ஒன்று கலைந்தால் பெட்டிக்குச் சேதி போகும். பெட்டி இரண்டு காரியம் செய்யும். வீட்டில் சங்கை ஊதும். தொலைபேசிக் கம்பி வழியாகவோ கைப்பேசி அலைவரிசை வழியாகவோ இணையம் வழியாகவோ கண்காணிப்பு மையத்துக்கு ஒரு சேதி அனுப்பும். அந்தச் சேதி பேச்சாக இருக்காது, எண்களாக இருக்கும். உலகம் முழுவதும் பரவலாகப் பயன்படும் ‘காண்டாக்ட் ஐடி’ என்ற முறையில் 130 என்றால் திருட்டு, 110 என்றால் தீ, 120 என்றால் ஆபத்துப் பொத்தான், 100 என்றால் மருத்துவ உதவி. இதோடு அந்த வீட்டுக்குரிய நான்கு இலக்க எண் ஒன்றும் போகும்.

இந்த நான்கு இலக்க எண்ணைக் கவனியுங்கள். 4127 என்று வந்தால் அது எந்தத் தாமானில் எந்த வீடு என்று எப்படித் தெரியும்? நிறுவனத்தின் கணினியில் உள்ள பட்டியலைப் பார்த்தால்தான் தெரியும். உரிமம் ரத்தாகி, கணினியை முதலாளி தூக்கிக் கொண்டு போய்விட்டார் என்றால், வேறொரு நிறுவனம் நல்ல மனத்தோடு அந்த அழைப்பை எடுத்தாலும் பயனில்லை. “4127-இல் திருட்டு” என்பது மட்டும்தான் அவர்களுக்குத் தெரியும். அவர்களிடமே இன்னொரு 4127 இருந்தால் கதை இன்னும் மோசம். போலீஸ் தவறான வீட்டுக்குப் போய் நிற்கும்.

திருட்டு மட்டும் என்றாலும் ஒருவாறு பொறுத்துக் கொள்ளலாம். பிள்ளைகள் வெளியூரில் வேலை பார்க்க, தனியாக இருக்கும் தாயாரின் கழுத்தில் அவசரப் பொத்தானை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்களே, அந்தப் பொத்தானும் இதே மையத்துக்குத்தான் பேசுகிறது. குளியலறையில் விழுந்த அம்மா பொத்தானை அழுத்துகிறார். சங்கு ஊதும். பக்கத்து வீட்டுக்காரர், “அந்த அலாரம் எப்போதும் இப்படித்தான் கத்தும்” என்று திரும்பிப் படுத்துக் கொள்வார். அவரையும் குறை சொல்ல முடியாது. அலாரச் சத்தத்துக்கு எழுந்து ஓடிய காலம் போய்விட்டது.

மறுமுனையில் ஆள் இல்லாமல் போவது வெறும் கற்பனை அல்ல. அமெரிக்காவில் ஏடி அண்ட் டி நிறுவனம் 2022 பிப்ரவரியில் 3ஜி சேவையை மூடியது. அந்த அலைவரிசையை நம்பியிருந்த வீட்டு அலாரங்களை அதற்குள் மாற்றியாக வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 2019-லேயே, அறிவித்துவிட்டார்கள். அப்படியும் பெருந்தொற்றால் வீடு வீடாகப் போய்க் கருவியை மாற்ற முடியவில்லை என்று அலாரத் தொழில்துறையினர் மேலும் அவகாசம் கேட்டு அந்நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையத்திடம் முறையிட்டார்கள். மூன்று ஆண்டு அறிவிப்பே போதவில்லை என்பது அவர்கள் வாதம். நாம் இங்கே பேசிக் கொண்டிருப்பது ஒரே நாளில் நடக்கும் ரத்தைப் பற்றி!

எங்கள் தாமானில் ஒரு குடும்பம். பெயர் வேண்டாம், நிறுவனத்தின் பெயரும் வேண்டாம். ஓராண்டுக் கட்டணத்தை முன்பணமாகக் கட்டினால் கழிவு உண்டு என்றார்கள், கட்டிவிட்டார். சில மாதத்தில் அலுவலகத் தொலைபேசியை யாரும் எடுக்கவில்லை. நேரில் போய்ப் பார்த்தால் கடையில் வேறு வியாபாரம் நடக்கிறது. உரிமம் ரத்தானதா, அவர்களே மூடினார்களா என்பது இன்றுவரை அவருக்குத் தெரியாது. வேறு நிறுவனத்தை அழைத்தார். வந்த தொழில்நுட்பர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, “அண்ணே, இதைப் பொருத்தியவர்கள் ரகசிய எண் போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். உள்ளே போக முடியாது. பலகையையே மாற்ற வேண்டும்” என்றாராம். தன் காசில் வாங்கிய பெட்டி, தன் வீட்டுச் சுவரில் இருக்கிறது, ஆனால் சாவி ஓடிப்போனவரிடம்! வாசல் கேட்டில் மட்டும் ‘24 மணி நேரக் கண்காணிப்பில் உள்ளது’ என்ற ஒட்டுவில்லை பல மாதங்கள் இருந்தது. அதை எடுக்க வேண்டாம் என்று அவர் மனைவி சொல்லிவிட்டாராம். திருடன் நம்பினால் போதும் அல்லவா?

இதையெல்லாம் கேட்டு, நான் உரிம ரத்துக்கு எதிரானவன் என்று முதலில் பேசிய நண்பர் நினைத்துவிடக் கூடாது. சில நிறுவனங்களின் உரிமத்தைப் பறித்தே ஆக வேண்டும். ஏன் தெரியுமா? நம்மைப் பற்றி நம் உறவினருக்கே தெரியாத சங்கதிகள் இந்த நிறுவனங்களுக்குத் தெரியும். காலையில் எத்தனை மணிக்கு வீடு காலியாகிறது, தீபாவளிக்கு ஊருக்குப் போய் எப்போது திரும்புவோம், அலாரத்தை நிறுத்தும் கடவுச்சொல் என்ன, எல்லாம் தெரியும். கழுத்தில் கத்தி வைத்து மிரட்டும்போது திருடனுக்குத் தெரியாமல் ஆபத்தை உணர்த்தச் சொல்ல வேண்டிய மாற்றுச் சொல் ஒன்று இருக்கும். அதுவும் அவர்கள் கையில். சிலரிடம் வீட்டுச் சாவியே இருக்கும்.

அமெரிக்காவின் டல்லஸ் வட்டாரத்தில் பெயர் பெற்ற ஓர் அலார நிறுவனத்தின் தொழில்நுட்பர், தான் பொருத்திய வீடுகளின் கணக்கில் தன் மின்னஞ்சல் முகவரியையும் ரகசியமாகச் சேர்த்துக் கொண்டார். வீட்டுக்குள் இருக்கும் கேமரா வழியாக நான்கரை ஆண்டுகள் பார்த்துக் கொண்டிருந்தார். சுமார் 200 வாடிக்கையாளர் கணக்குகள், 9,600 தடவைக்கு மேல். 2021 ஜனவரியில் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக் கொண்டார். அதே ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. என்ன பார்த்தார் என்பதைக் குடும்பத்தோடு பார்க்கும் நிகழ்ச்சியில் நான் விவரிக்க வேண்டியதில்லை.

நம் நாட்டிலும் 2013 அக்டோபரில் சுபாங் ஜெயாவில் ஒரு வங்கிக் கிளையில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காவலுக்கு நின்ற பாதுகாவலரே வங்கி அதிகாரியைச் சுட்டுக் கொன்றுவிட்டுப் பணத்தோடு ஓடினார். அவர் காட்டியிருந்த அடையாள அட்டை போலி. ஆளைச் சரியாகச் சோதிக்காத நிறுவனத்திடம் பாதுகாப்பை ஒப்படைத்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. அதனால்தான் இந்தத் தொழிலுக்கு உரிமம், அதனால்தான் உரிமத்தைப் பறிக்கும் அதிகாரம். நம்மிடம் பாதுகாப்பு நிறுவனங்களுக்கு உள்துறை அமைச்சு உரிமம் வழங்குவது ‘அக்தா அகென்சி பெர்செண்டிரியான் 1971’ சட்டத்தின் கீழ். சிங்கப்பூரில் 2007-இல் இயற்றப்பட்ட தனியார் பாதுகாப்புத் துறைச் சட்டம். நம் சட்டம் பிறந்தபோது கைப்பேசி இல்லை. காவலரையும் துப்பறிவாளரையும் மனத்தில் வைத்து எழுதிய சட்டம் அது. காவலரை நிறுத்தினால் மறுநாள் வேறு காவலர் வந்து வாசலில் நிற்பார். பெட்டியின் மறுமுனைக்கு ஆளைக் கொண்டுவருவது அவ்வளவு சுலபம் இல்லை.

பொய் அலாரத்தையும் இங்கே சொல்ல வேண்டும். அமெரிக்க நீதித்துறைக்காகத் தயாரிக்கப்பட்ட ஒரு வழிகாட்டி, போலீசுக்கு வரும் திருட்டு அலார அழைப்புகளில் நூற்றுக்கு 94 முதல் 98 வரை பொய் என்று சொல்கிறது. பூனை, காற்றில் ஆடும் திரைச்சீலை, எண்ணை மறந்த மாமியார்! கண்காணிப்பு மையத்தின் வேலையே இவற்றைச் சலித்து எடுப்பதுதான். அந்த வேலையைச் செய்யாமல் வந்ததையெல்லாம் போலீசுக்குத் தள்ளிவிடும் நிறுவனம், உண்மையான அலாரத்துக்கும் போலீஸ் மெதுவாக வரும்படி செய்துவிடுகிறது. சால்ட் லேக் சிட்டி நகரப் போலீஸ் 2000-ஆம் ஆண்டின் இறுதியில், யாராவது நேரில் பார்த்து உறுதி செய்தால்தான் வருவோம் என்றே சொல்லிவிட்டது. இங்கிலாந்தில் வேறு வழி. அங்கே தரச்சான்று பெற்ற நிறுவனத்தின் மூலம் வந்த அலாரத்துக்குத்தான் போலீஸ் ஒரு பதிவெண் தரும். பன்னிரண்டு மாதத்தில் மூன்று பொய் அழைப்பு வந்தால் அந்த ஒரு வீட்டுக்குப் போலீஸ் வருவது நிறுத்தப்படும். கோளாற்றைச் சரிசெய்து காட்டினால் திரும்பக் கிடைக்கும். தவறு எங்கேயோ அங்கே மட்டும் அடி விழுகிறது என்பதால் இந்த முறை எனக்குப் பிடித்திருக்கிறது.

அம்மையார் சொன்ன நியாயத்துக்கு வருகிறேன். நிறுவனத்தின் தரப்பைக் கேட்காமல் ரத்து செய்யக் கூடாது என்றார். சட்டமும் அவர் பக்கம்தான். 1986-இல் நம் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கைத் தீர்த்தது. ஏஷியன் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளேட்டின் நிருபர் ஜான் பெர்தெல்சனின் வேலை அனுமதியை அரசாங்கம் ரத்து செய்திருந்தது. அவருக்குப் பேச வாய்ப்புத் தராமல் ரத்து செய்தது செல்லாது என்று நீதிமன்றம் சொன்னது. கொடுத்த அனுமதியைக் காலம் முடியுமுன் பறிப்பதென்றால் முதலில் கேட்க வேண்டும். சரி. ஆனால் அந்த விசாரணை அறையில் யார் யார் உட்காருவார்கள்? ஒரு பக்கம் அதிகாரி, மறு பக்கம் நிறுவனம். ஐந்நூறு வீட்டுக்காரர்களில் ஒருவருக்காவது கடிதம் போகுமா? உங்கள் அலார நிறுவனத்தின் மீது விசாரணை நடக்கிறது, மாற்று ஏற்பாடு செய்து கொள்ளுங்கள் என்று யார் சொல்வார்கள்? கேட்கும் உரிமை என்பது அவர்களுக்கும் வேண்டும் என்கிறேன்.

அப்படியானால் என்ன செய்யலாம்? உரிமம் போகும் நாளும், மையத்தின் விளக்கு அணையும் நாளும் ஒரே நாளாக இருக்கக் கூடாது. புது வாடிக்கையாளரைச் சேர்க்கவோ பணம் வசூலிக்கவோ கூடாது என்று அன்றைக்கே தடுத்துவிடலாம். ஆனால் வந்து கொண்டிருக்கும் சேதிகளை வேறொரு உரிமம் பெற்ற மையம் எடுத்துக் கொள்ளும் வரை ஒரு முப்பது நாளோ அறுபது நாளோ இருக்க வேண்டும். நிறுவனத்துக்குள்ளேயே திருடர்கள் இருந்தால் என்ன செய்வது என்று நண்பர் கேட்பார். நல்ல கேள்வி. அந்த நிலையில் ஒரு மணி நேரம்கூட விடக் கூடாது. அதிகாரிகள் போகும்போதே மாற்று மையத்தின் ஆட்களையும் அழைத்துப் போக வேண்டும். தொழில்நுட்பத்தில் இது முடியாத காரியம் இல்லை. பெட்டிகள் கூப்பிடும் எண்ணைத் தொலைபேசி நிறுவனம் மாற்று மையத்துக்குத் திருப்பிவிடலாம். நான் சொன்ன 4127 குழப்பம் வராமலிருக்க, அந்த அழைப்புகளை அங்கே தனி இணைப்பில் எடுக்க வேண்டும். வீட்டுப் பட்டியல் கையில் இருக்க வேண்டும். அதற்கு, ஒவ்வொரு நிறுவனமும் தன் பட்டியலின் பிரதியை முத்திரையிட்டு ஒரு நடுநிலை இடத்தில் வைத்துப் புதுப்பித்துவர வேண்டும் என்பதை உரிமத்தின் நிபந்தனையாகவே போடலாம். பெட்டியின் ரகசிய எண்ணும் அந்தப் பிரதியில் இருக்கட்டும்.

உரிமம் போன பிறகு பழைய நிறுவனத்தின் கையில் கடவுச்சொற்களும் சாவிகளும் இருக்கின்றனவே, அதுதான் எனக்கு மிகவும் பயம் தரும் சங்கதி. தொழில் செய்யத் தகுதியில்லை என்று அரசாங்கமே சொன்ன ஒருவரிடம் ஐந்நூறு வீட்டுச் சாவி! நம்முடைய 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தேவை முடிந்த தரவை வைத்திருக்கக் கூடாது என்கிறது. ரத்து உத்தரவு போடும் அதிகாரியே, சாவியைத் திருப்பிக் கொடுத்த கையெழுத்தையும் தரவை அழித்த சான்றையும் வாங்கிக் கொண்டுதான் கோப்பை மூட வேண்டும்.

எல்லாத் தவற்றுக்கும் ரத்துதான் மருந்தா என்றும் யோசிக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் நிறுவனத்துக்கு ஓர் உரிமம், கண்காணிப்பு மையத்தில் திரைமுன் உட்காருபவருக்குத் தனி உரிமம். தூங்கிவிட்ட, அல்லது தகவலை வெளியே விற்ற ஊழியரின் உரிமத்தை மட்டும் பறிக்கலாம். மையம் நடக்கும், வீடுகள் காவலில் இருக்கும். அம்மையார் கவலைப்பட்ட மற்ற ஊழியர்களின் பிழைப்பும் தப்பும். முதலாளியே கள்ளன் என்றால் அப்போது பெரிய உரிமத்தில் கை வைக்கலாம்.

இதெல்லாம் எப்போது நடக்கும் என்று காத்திருக்க முடியாது என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இந்த வாரமே உங்கள் அலார நிறுவனத்தைக் கூப்பிட்டு, சோதனை செய்யப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அலாரத்தை ஊதவிடுங்கள். எத்தனை நிமிடத்தில் திரும்ப அழைக்கிறார்கள், கடவுச்சொல் கேட்கிறார்களா என்று கடிகாரத்தைப் பாருங்கள். பெட்டி நாள்தோறும் மையத்துக்குத் தானாகச் சோதனைச் சேதி அனுப்பும்படி வைத்திருக்கிறார்களா, அது வராவிட்டால் உங்களுக்குச் சொல்வார்களா என்று கேளுங்கள். பொருத்தியவரின் ரகசிய எண்ணை எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். கழிவுக்கு ஆசைப்பட்டு ஓராண்டுப் பணத்தை ஒட்டுமொத்தமாகக் கட்டாதீர்கள். ஏற்கெனவே கட்டி ஏமாந்தவர்கள் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே கேட்கிறார்கள், வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. ஆனால் கடையை மூடிவிட்டு ஓடியவரிடம் தீர்ப்பை வைத்துக் கொண்டு பணம் வாங்குவது எளிதல்ல. அதனால் புது உரிமம் கொடுக்கும்போதே வாடிக்கையாளரின் முன்பணத்துக்கு ஈடாக நிறுவனத்திடம் வங்கி உத்தரவாதம் வாங்கி வைக்க வேண்டும் என்பதையும் இந்த அவையில் என் கோரிக்கையாகப் பதிவு செய்கிறேன்.

மணி அடித்துவிட்டார்கள். அடுத்துப் பேசப் போகும் நண்பர் அலாரத் தொழிலில் இருப்பவர் என்று அவைத் தலைவர் சொன்னார். பட்டியலின் பிரதியை வெளியே வைக்க அவருடைய துறை ஒப்புக் கொள்ளுமா என்பதை அவரிடமிருந்தே கேட்க ஆவலாக இருக்கிறேன்.